சரிபார்க்க முடியாத சொல்லின் இலாபம்

"பணிவுடன் பகிர்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் குழு ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. அந்த ஒரு முடிவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஏஐ சார்ந்த அணுகுமுறையால் எங்கள் பணிமுறையையே மறுவரையறை செய்தோம். உற்பத்தித்திறன் 40 சதவீதம் உயர்ந்தது. எதிர்காலம் வந்துவிட்டது. நீங்கள் தயாரா?"

இந்தப் பதிவை யாரும் எழுதவில்லை. இக்கட்டுரைக்காக நானே கட்டியது. ஆனாலும் லிங்க்ட்இன் போன்ற தொழில்முறைத் தளங்களில் நாள்தோறும் உலவுகிறவர்களுக்கு இதை நேற்றுத்தான் படித்ததுபோல் தோன்றும். யார் எழுதினாலும் ஒரே முகவெட்டுடன் வருவதுதான் இவ்வகை எழுத்தின் இலக்கணம். எந்தத் துறை, எந்த வேலை, எந்த மென்பொருள், முன்பு அந்த வேலையை யார் எப்படிச் செய்தார்கள், இப்போது யார் செய்கிறார்கள் என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் விடை கிடையாது. கூர்ந்து பார்த்தால், எண்ணைத் தவிர மற்ற எந்த வாக்கியத்தையும் பொய் என்று நிரூபிக்க வழியில்லை என்பது தெரியும். "எதிர்காலம் வந்துவிட்டது" என்பதை மறுக்க வேண்டுமானால் எந்தச் சான்றை முன்வைப்பது? ஒரு வாக்கியம் பொய்யாக வேண்டுமென்றாலும் முதலில் அது எதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றிய பதிவுகளில் பெருகிவிட்ட இந்தத் தம்பட்டத்தைப் பலரும் எழுதுகிறவரின் ஆணவமாகவோ சோம்பலாகவோ பார்க்கிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. நேரில் அடக்கமாகவும் துல்லியமாகவும் பேசுகிற பொறியாளர்களே பதிவு எழுத உட்கார்ந்ததும் இந்த நடைக்கு மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வெறுமை கவனக்குறைவால் நேர்ந்த குறையாக இருக்க முடியாது. அது ஒரு வேலையைச் செய்கிறது: சொன்னவருக்குப் பெயரை வாங்கித் தருகிறது, பொறுப்பை மட்டும் தொலைவில் நிறுத்திவைக்கிறது.

தன்னைத் தானே புகழ்வது தவறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. இலக்கண நூலான நன்னூலின் பாயிரமே இதைப் பற்றி நுணுக்கமாகப் பேசுகிறது. எத்தனை துறைகளை முடித்தவராயினும் தற்புகழ்ச்சி தகாது என்று விதித்துவிட்டு, அடுத்தபடியாக நான்கு இடங்களில் விலக்கு அளிக்கிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களிடையேயும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் புலவர் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். வேலை தேடுகிறவர் தன் திறமையைத் தன்னை அறியாதவர்களிடம் எடுத்துச் சொல்வது இரண்டாவது விலக்கில் அப்படியே பொருந்தும். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவே பிழைக்க வேண்டிய தொழிலில் வாய்மூடி இருப்பது அடக்கம் ஆகாது, இழப்புத்தான். எனவே புகழ்ந்துகொண்டதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதைவிட, எதைக் காட்டிப் புகழ்ந்தார் என்று கேட்பதே பொருத்தம்.

பொருளியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேலைச் சந்தையைப் பற்றி எழுதிய ஆய்வில் (பின்னாளில் 2001-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைக்க இத்துறைப் பணியே காரணம்) ஒரு அறிகுறி நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமென்றால், திறமை இல்லாதவருக்கு அதைக் காட்டுவது கூடுதல் செலவு பிடிப்பதாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். கடினமான பட்டம் ஒன்றைத் திறமைசாலி எளிதாகவும் மற்றவர் பெரும்பாடுபட்டும் பெறுவதால்தான் அந்தப் பட்டம் எதையாவது உணர்த்துகிறது. "ஏஐ உத்தியாளர்" என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ள எல்லோருக்கும் ஆகும் செலவு ஒன்றே, அதாவது எதுவுமில்லை. பத்தாண்டு இத்துறையில் உழைத்தவரும் போன வாரம் சாட்ஜிபிடியைத் திறந்து பார்த்தவரும் அதே சொல்லைப் போட்டுக்கொள்ளும்போது அந்தச் சொல் இருவரையும் பிரித்துக் காட்டாது. அடுத்து நடப்பதுதான் வினோதம்: சொல் தேய்ந்துவிட்டது என்பதால் யாரும் அதைக் கைவிடுவதில்லை, அதைவிடப் பெரிய சொல்லைத் தேடிப் போகிறார்கள். "மாற்றம்" பழசானதும் "புரட்சி" வருகிறது, "உதவியாளர்" பழசானதும் "முகவர்" வருகிறது.

தளத்தின் கட்டமைப்பும் இதற்குத் துணைபோகிறது. 2003-இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் ஆரம்பத்தில் தன்விவரக் குறிப்புகளின் அடுக்கறையாகவே இருந்தது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த காலத்துக்குள் அது பதிவுகள் ஓடும் தளமாகவும் மாறியிருந்தது. ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் திரையில் முதலில் தெரிவது சில வரிகள் மட்டுமே, மிச்சத்தைக் காண ஒரு சொடுக்கு வேண்டும். வாசகர் ஒரு பதிவின்மேல் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை வரிசைப்படுத்தலில் கணக்கில் எடுப்பதாக அந்நிறுவனத்தின் பொறியாளர்களே 2020-இல் எழுதியிருக்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதல் வரி ஏன் எப்போதும் தூண்டிலாக இருக்கிறது, வரிக்கு வரி ஏன் இத்தனை வெற்றிடம் விடுகிறார்கள், "அந்த ஒரு முடிவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது" என்று சொல்லிவிட்டு முடிவு என்ன என்பதை ஏன் ஒத்திப்போடுகிறார்கள் என்பதெல்லாம் விளங்கும். "வேண்டுவோர் கீழே 'ஏஐ' என்று எழுதுங்கள், கோப்பை அனுப்புகிறேன்" என்ற வேண்டுகோளும் அப்படித்தான். கோப்பைத் தர வேண்டுமானால் இணைப்பையே போட்டுவிடலாம்; ஆனால் இணைப்பு பின்னூட்டங்களை எண்ணிக்கையில் கூட்டாது.

இதெல்லாம் எந்தத் துறைக்கும் பொருந்தும். கணக்கியலிலோ கட்டடப் பொறியியலிலோ இவ்வளவு முற்றவில்லையே, செயற்கை நுண்ணறிவில் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை அத்துறையின் பிறப்பிலேயே கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பெயரே நிதி கேட்டு எழுதிய விண்ணப்பம் ஒன்றில் பிறந்தது. 1955 ஆகஸ்டில் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தேனியல் ராச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வரும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்கு அனுப்பிய அந்த விண்ணப்பம், தேர்ந்தெடுத்த அறிஞர்கள் ஒரு கோடைக்காலம் முழுதும் சேர்ந்து உழைத்தால் இந்தச் சிக்கல்களில் ஒன்றிலோ பலவற்றிலோ கணிசமாக முன்னேறிவிடலாம் என்று நம்பிக்கையோடு கூறியது. அடுத்த ஆண்டு டார்ட்மவுத் கல்லூரியில் கூட்டமும் நடந்தது. உயிரினங்களிலும் இயந்திரங்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்த சைபர்னெட்டிக்ஸ் என்ற அன்றைய துறையின் நிழலிலிருந்து விலகி நிற்பதற்காகவும் மெக்கார்த்தி இப்புதிய பெயரைத் தேர்ந்தார். அவர் செய்தது மோசடி என்று சொல்ல வரவில்லை. அந்த நால்வரும் தத்தம் துறையில் பெரும் பணி செய்தவர்கள். ஆயினும் "தானியக்கச் சான்றுமுறை" என்றோ "குறியீட்டுக் கணிப்பு" என்றோ பெயர் வைத்திருந்தால் இன்றைய பதிவுகளில் பாதி எழுதப்பட்டே இருக்காது என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1958 ஜூலையில், ஃபிராங்க் ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர் மூளையின் நரம்பணுக்களை முன்மாதிரியாக வைத்து வடிவமைத்த பெர்செப்ட்ரான் என்ற கற்கும் அமைப்பு அமெரிக்கக் கடற்படையின் ஏற்பாட்டில் செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டது. அதை இயக்கிய ஐபிஎம் 704 கணினி, இடப்புறம் குறியிட்ட அட்டைகளையும் வலப்புறம் குறியிட்ட அட்டைகளையும் ஐம்பது முயற்சிகளுக்குப் பின் பிரித்தறியக் கற்றுக்கொண்டது. கண்முன் நடந்தது இவ்வளவுதான். மறுநாள் நியூயார்க் டைம்ஸ், நடக்கவும் பேசவும் பார்க்கவும் எழுதவும் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும் தன் இருப்பை உணரவும் கூடிய இயந்திரத்தின் கருவாக இதைக் கடற்படை எதிர்பார்க்கிறது என்று செய்தி வெளியிட்டது. இன்றைய பதிவின் அமைப்பு முழுவதும் அந்தச் செய்தியில் இருக்கிறது: செய்து காட்டியது ஒரு முழம், சொல்லப்பட்டது ஒரு காதம், நடுவிலுள்ள தொலைவை "எதிர்பார்க்கிறது" என்ற ஒற்றை வினை தாண்டிவிடுகிறது.

இத்துறைக்குள்ளிருந்தே இதைக் கண்டித்தவர்களும் உண்டு. ட்ரூ மெக்டெர்மட் என்ற ஆய்வாளர் 1976-இல் எழுதிய கட்டுரையில், நிரலின் ஒரு பகுதிக்கு "புரிந்துகொள்" என்று பெயரிட்டுவிட்டு, பெயர் அப்படி இருப்பதாலேயே நிரல் புரிந்துகொள்கிறது என்று நம்பிவிடும் வழக்கத்தைச் சாடினார். அவர் சொன்ன மருந்து எளிமையானது: அந்தப் பகுதிக்கு "ஜி0034" என்று பெயரிடுங்கள், பிறகு அது எதையாவது புரிந்துகொள்வதாக உங்களையும் பிறரையும் நம்பவைக்க முடிகிறதா என்று பாருங்கள். அரை நூற்றாண்டு ஆகியும் இதைவிடக் கூர்மையான சோதனை கிடையாது. மேலே காட்டிய பதிவில் "ஏஐ" வரும் இடத்தில் "ஜி0034" என்று போட்டுப் படித்தால், "ஜி0034 சார்ந்த அணுகுமுறையால் எங்கள் பணிமுறையையே மறுவரையறை செய்தோம்" என்று வரும். அது என்ன செய்கிறது என்று உடனே கேட்கத் தோன்றுகிறது. "ஏஐ" என்று இருந்தபோது அந்தக் கேள்வி எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லின் ஒளி கேள்வியை மறைத்துவிட்டது.

புழக்கத்திலுள்ள சொற்களில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். "ஏஐ-யால் இயங்குவது" என்பது ஒருவர் எழுத்தில், பல மாதங்கள் தரவு திரட்டித் தாமே பயிற்றுவித்த மாதிரியை, அதாவது தரவிலிருந்து கற்றுக்கொண்டு விடை கணிக்கும் நிரலைக் (model) குறிக்கலாம். இன்னொருவர் எழுத்தில், வேறு நிறுவனம் உருவாக்கிய மொழி மாதிரிக்கு (சாட்ஜிபிடிக்குள் இருப்பது போன்றது) ஒரு கேள்வியை அனுப்பி விடையைத் திரையில் காட்டுவதைக் குறிக்கலாம்; அதுவும் பயனுள்ள வேலைதான், ஆனால் வேறு வேலை. மூன்றாமவர் எழுத்தில், "தொகை இவ்வளவுக்கு மேல் போனால் மேலாளருக்கு அனுப்பு" என்பது போன்ற நிபந்தனைகளின் தொகுப்பைக் குறிக்கலாம். முப்பதாண்டுகளுக்கு முன்பும் அதைச் செய்தார்கள், சாதாரண நிரல் என்றே அழைத்தார்கள். "முகவர்" என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்துவிட்டது. கருவிகளைப் பயன்படுத்த அனுமதி பெற்ற மொழி மாதிரி, ஒவ்வொரு படியின் விளைவையும் பார்த்து அடுத்த படியைத் தானே முடிவுசெய்து, வேலை முடியும்வரை சுழன்றுகொண்டிருப்பதைப் பொறியாளர்கள் அப்படி அழைக்கிறார்கள். பதிவுகளிலோ நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்தச் சொல்லும் அரட்டைப் பெட்டிக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிடுகிறது. "மறுவரையறை", "வேரோடு மாற்றம்", "அடுத்த தலைமுறை" ஆகியவற்றுக்கு இப்படிப் பல பொருள்கூட இல்லை என்பதால் அவற்றைக் கடந்துவிடலாம்.

எண்கள் வந்தால் வெறுமை போய்விடும் என்று நினைப்பது தவறு. சொற்களைவிட எண்கள் நம்பவைப்பதில் வல்லவை, அதனால் அவற்றிடம் இன்னும் கவனம் வேண்டும். "எங்கள் மாதிரி 95 சதவீதம் துல்லியமானது" என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்துக்கு 1,000 கடிதங்கள் வருகின்றன, அவற்றில் 50 அவசரமானவை என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கடிதத்தைக் காட்டினாலும் "அவசரம் இல்லை" என்றே சொல்லும் ஒரு நிரல் 950 கடிதங்களைச் சரியாக வகைப்படுத்திவிடும். அதன் துல்லியம் 95 சதவீதம். அவசரக் கடிதம் ஒன்றைக்கூட அது பிடிக்கவில்லை. இப்போது உண்மையிலேயே உழைக்கும் ஒரு மாதிரி, அவசரமென்று 120 கடிதங்களைப் பிரித்தெடுத்து அவற்றுள் 40-ஐச் சரியாகப் பிடிக்கிறது என்போம். விட்டுப்போனவை 10, வீணாக எழுப்பிய எச்சரிக்கைகள் 80, ஆகப் பிழைகள் 90; துல்லியம் 91 சதவீதம்தான். எதுவுமே செய்யாத நிரல் எண்ணில் முந்திநிற்கிறது. 50-இல் எத்தனை பிடிபட்டது, பிடித்தவற்றில் எத்தனை மெய்யானது என்ற இரண்டு எண்களும் இல்லாமல் "95 சதவீதம்" என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. இவ்விரண்டையும் தருகிற பதிவு அரிது. தந்தால் அந்த எண்கள் அவ்வளவு அழகாக இருக்காது என்பதும் ஒரு காரணம்.

"உற்பத்தித்திறன் 40 சதவீதம்" என்பது இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் எழுதியவர் அதை மனப்பூர்வமாக நம்பியிருக்கக்கூடும். இவ்விஷயத்தில் கவனமாக அளந்த ஆய்வுகள் சில இருக்கின்றன. எரிக் பிரிஞ்ஜால்ஃப்சனும் இரு சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, வாடிக்கையாளர் உதவிப் பணியிலிருந்த 5,179 பேரின் வேலையை ஆராய்ந்தது. மொழி மாதிரியின் துணை கிடைத்தபின் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் கூடியது. அனுபவசாலிகளுக்கு அனேகமாக மாற்றம் இல்லை. எந்த வேலை, யாருக்கு, எந்த அளவுகோலில் என்று சொன்னவுடன் ஒரே எண் மூன்றாகப் பிரிந்துவிடுவதைக் காணலாம்.

மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட முடிவு இன்னும் யோசிக்கவைக்கிறது. தங்களுக்கு நன்கு பழக்கமான திறமூல மென்பொருள்களில் (நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடியவை) பணியாற்றும் அனுபவமிக்க 16 நிரலாளர்களுக்கு 246 பணிகள் தரப்பட்டன. எந்தப் பணியில் ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாம், எதில் கூடாது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. தொடங்கும் முன் தங்கள் நேரம் 24 சதவீதம் மிச்சமாகும் என்று அவர்கள் கணித்தார்கள். முடித்தபின் 20 சதவீதம் மிச்சமானதாகச் சொன்னார்கள். கடிகாரம் காட்டியதோ, கருவியைப் பயன்படுத்திய பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது என்பதை. சிறிய ஆய்வு, அதுவும் குறிப்பிட்ட காலத்துக் கருவிகளை வைத்துச் செய்தது. இதைக்கொண்டு கருவிகள் வீண் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அனுபவம் மிக்கவர்களின் நேர்மையான உணர்வும் திசைமாறிப் போகக்கூடும் என்பதற்கு இது போதும். நம் பதிவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருக்கு வேகமாக இருப்பதுபோல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த உணர்வுக்கு யாரோ சதவீதம் கொடுத்துவிட்டார்கள்.

வெற்றுச் சொல் இலாபம் தராவிட்டால் இவ்வளவு பெருகியிருக்காது. 1990-களின் இறுதியில், பெயருக்குப் பின்னால் "டாட் காம்" சேர்த்துக்கொண்ட நிறுவனங்களின் பங்குகளை மைக்கேல் கூப்பர் உள்ளிட்ட மூன்று நிதியியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பெயர்மாற்ற அறிவிப்பை ஒட்டிய பத்து நாட்களில் வழக்கத்துக்கு மேற்பட்ட ஈட்டம் 74 சதவீத அளவில் இருந்தது. அந்நிறுவனத்துக்கு இணையத் தொழிலோடு எவ்வளவு தொடர்பு இருந்தது என்பது அந்த ஏற்றத்தைப் பாதிக்கவே இல்லை. 2017 டிசம்பரில் குளிர்பான நிறுவனம் ஒன்று தன் பெயரை அன்று கிரிப்டோ நாணயங்களால் பரபரப்பாகப் பேசப்பட்ட தொழில்நுட்பத்தின் பெயரைச் சேர்த்து "லாங் பிளாக்செயின்" என்று மாற்றியதும் அதன் பங்கு ஒரே நாளில் பல மடங்கு பாய்ந்தது. மறு ஆண்டே நாஸ்டாக் பங்குச்சந்தையின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவின் முறை வந்தபோது, லண்டனைச் சேர்ந்த எம்எம்சி வென்ச்சர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 2019-இல், ஐரோப்பாவின் 13 நாடுகளில் ஏஐ நிறுவனங்களாக வகைப்படுத்தப்பட்டிருந்த 2,830 புதுநிறுவனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. சுமார் 40 சதவீத நிறுவனங்களின் தொழிலில் ஏஐ முக்கியப் பங்கு வகிப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. அந்த முத்திரையை அவற்றுக்குப் பெரும்பாலும் குத்தியவர்கள் பிறர்தான், ஆனால் திருத்திக்கொள்ள அந்நிறுவனங்களுக்கு எந்த அவசரமும் இருந்திருக்காது, ஏனெனில் அந்த முத்திரை கூடுதல் முதலீட்டை ஈர்த்தது என்பதையும் அதே அறிக்கை பதிவுசெய்திருக்கிறது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பது மிகவும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் டெல்ஃபியா, குளோபல் பிரடிக்‌ஷன்ஸ் என்ற இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்கள்மேல், ஏஐ பயன்பாடு பற்றித் தவறான கூற்றுகளை வெளியிட்டதாக நடவடிக்கை எடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் இரண்டும் சேர்ந்து 4 லட்சம் டாலர் அபராதம் கட்டின. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு வணிக ஆணையம், "உலகின் முதல் ரோபோ வழக்கறிஞர்" என்று விளம்பரம் செய்த டூநாட்பே நிறுவனம் உள்ளிட்டவற்றின்மேல் நடவடிக்கையை அறிவித்தது. வழக்கறிஞர் ஒருவரின் தரத்துக்கு அந்தச் சேவை ஈடாகிறதா என்று சோதித்துப் பார்க்காமலேயே அப்படிச் சொன்னது முக்கியமான புகார். பிடிபட்ட கூற்றுகள் எல்லாமே ஏதோ ஒன்றைத் திட்டவட்டமாகச் சொன்னவை. "முதல்", "வழக்கறிஞர்", "இந்தத் தரவைக் கொண்டு கணிக்கிறோம்" என்று சொன்னதால்தான் அவற்றை எடைபோட முடிந்தது. மாறாக, நியாயமான எவரும் உண்மைக் கூற்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கருதப்படும் பொதுவான புகழுரைக்கு அமெரிக்கச் சட்டத்தில் நெடுங்காலமாகவே பொறுப்பு விலக்கு இருக்கிறது. "உலகத் தரமான, அடுத்த தலைமுறை ஏஐ" என்று எழுதினால் வழக்குத் தொடுக்க எவரும் வர மாட்டார்கள். ஆகவே நிறுவனத்தின் சட்டப்பிரிவு ஒரு பதிவைத் திருத்தித் தரும்போது பெரும்பாலும் வெட்டப்படுவது திட்டவட்டமான வாக்கியம், தப்பிப்பது வெற்று வாக்கியம். பொறியாளர் எழுதித் தந்த "ஒன்பது மொழிகளில் சோதித்தோம், இரண்டில் தோற்றது" என்ற வரி எப்படி "பன்மொழித் திறன்" ஆகிறது என்று வியப்பவர்களுக்கு விடை இங்கே கிடைக்கும்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபின் இதில் இன்னொரு சுற்று சேர்ந்துகொண்டது. ஏஐ பற்றிய வெற்றுப் பதிவை ஏஐ-யே எழுதித் தருகிறது. அந்த மாதிரிகள் இணையத்திலிருந்து திரட்டிய எழுத்தில் பயின்றவை. தொழில்முறைப் பதிவு வேண்டும் என்று கேட்டால், அவ்வகை எழுத்தில் எது அதிகம் காணப்பட்டதோ அதன் சாயலைத் தருவதே அவற்றின் இயல்பு. ஒரிஜினாலிட்டி ஏஐ என்ற கண்டறியும் நிறுவனம் 2024-இல், லிங்க்ட்இனில் ஆங்கிலத்தில் வந்த நீண்ட பதிவுகளில் 54 சதவீதம் இயந்திரம் எழுதியதாக இருக்கக்கூடும் என்று கணித்தது. இத்தகைய கண்டறியும் கருவிகளே அடிக்கடி தவறுபவை, அந்நிறுவனம் விற்பதும் அதே கருவியைத்தான், எனவே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழே வரும் பாராட்டுப் பின்னூட்டங்களும் பல வேளைகளில் அதே வகை. எழுதியவரும் படிக்கவில்லை, பாராட்டியவரும் படிக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. இதை ஒரு சோகமாகச் சித்திரிக்கப் பலர் முயல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் நகைச்சுவையும் தெரிகிறது. எவருக்கும் சொல்ல விருப்பமில்லாததை எவரும் படிக்காத இடத்தில் இயந்திரம் சொல்லித் தீர்க்கிறது.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. தோல்வியையும் சேர்த்துச் சொல்பவர் இந்த வரிசையில் பின்னுக்குப் போகிறார். மருத்துவப் படங்களைப் பிரித்தறியும் மாதிரி ஒன்று ஒரு மருத்துவமனையின் படங்களில் நன்றாகவும், வேறு கருவியில் எடுத்த படங்களில் மோசமாகவும் செயல்பட்டதென்று ஒருவர் எழுதினால், அது அத்துறையில் வேலை செய்யும் நூறு பேரின் பல வார உழைப்பை மிச்சப்படுத்தும். அந்த நூறு பேர் விருப்பக்குறி இட்டாலும், "எதிர்காலம் வந்துவிட்டது" என்பதற்குக் கிடைக்கும் பல்லாயிரத்தின் முன் அது தெரியவே தெரியாது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இப்பதிவுகளைப் படித்தே கருவிகளைப் பற்றிய தங்கள் எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்கிறார்கள் என்பதால், அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற முடியாமல் தவிப்பவர் கடைசியில் அதே பொறியாளர்தான்.

மாற்று வடிவம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மார்கரெட் மிட்செல், டிம்னிட் கெப்ரு உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019-இல் "மாதிரி அட்டை" என்ற முறையை முன்மொழிந்தார்கள். ஒரு மாதிரியை வெளியிடும்போது அதை உருவாக்கியவர் யார், எந்தப் பயன்பாட்டுக்காக, எதற்குப் பயன்படுத்தக் கூடாது, எந்தத் தரவில் சோதிக்கப்பட்டது, எந்தெந்தப் பிரிவினரிடம் எப்படிச் செயல்பட்டது, குறைகள் எவை என்று ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். முன்பு சொன்ன அதே நன்னூல், சிறப்புப்பாயிரத்தில் இடம்பெற வேண்டிய எட்டைப் பட்டியலிடுகிறது: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். மாதிரி அட்டையின் தலைப்புகளை இவற்றின் அருகே வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஒத்துப்போகும். நூலின் பெருமையைச் சொல்லும் அந்தப் பாயிரத்தை ஆக்கியோனே எழுதக் கூடாது, ஆசிரியரோ உடன் கற்றவரோ மாணவரோ தகுந்த உரைகாரரோ எழுத வேண்டும் என்பதும் அங்கே விதி. மாதிரி அட்டைகளோ இன்றும் பெரும்பாலும் மாதிரியை உருவாக்கியவர்களே எழுதுபவை. அந்த இடத்தில் பழைய விதி ஒரு படி மேலே நிற்கிறது.

இவ்வளவையும் எழுதுகிற நானும் விலக்கானவன் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், வரும் கோரிக்கைகளை உரிய பிரிவுக்கு அனுப்பும் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். எட்டு நிபந்தனைகள், அவ்வளவே. ஆண்டிறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு "அறிவார்ந்த தானியங்கி வகைப்பாட்டு அமைப்பு" என்று பெயர் சூட்டியிருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, மதிப்பீடும் நன்றாகவே வந்தது. பின்னாளில் வேறொரு காரணத்துக்காக அதே வேலையை விவரித்து எழுத நேர்ந்தபோது, "எட்டு நிபந்தனைகளைக் கொண்டு கோரிக்கைகளைப் பிரிக்கிறது, எதிலும் பொருந்தாதவற்றைப் பொதுவரிசைக்கு அனுப்பிவிடுகிறது" என்று மாற்றினேன். அதைப் படித்த ஒருவர் மறுநாளே கேட்டார்: "அந்தப் பொதுவரிசையை யார் பார்க்கிறார்கள்?" போய்ப் பார்த்தோம். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.